எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்பவர்களைத் தொடரவைப்பது எப்படி? மருத்துவ மையங்களுக்கான முழுமையான வழிகாட்டி

எச்.ஐ.வி.க்கு இன்று கையில் இருப்பது நல்ல மருந்து. பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. ஆரம்ப காலத்து மருந்துகளோடு ஒப்பிட்டால் பக்கவிளைவுகள் மிகவும் குறைவு. ஒழுங்காக எடுத்துவந்தால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிடும். உடலுறவு வழியாக இன்னொருவருக்குப் பரவுவதும் நின்றுவிடும். இத்தனைக்கும் ஒரே நிபந்தனை, மருந்து நிற்கக் கூடாது.

அந்த இடத்தில்தான் சிகிச்சைத் திட்டங்கள் தடுமாறுகின்றன. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளின் திட்டங்களை 2007இல் தொகுத்துப் பார்த்தபோது, சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆனபின் சுமார் 60 சதவீதம் பேர்தான் சிகிச்சையில் இருந்தார்கள். அதற்குப் பிறகு நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் மருந்து இருந்தும், பணியாளர் இருந்தும், ஆட்கள் நழுவிப்போவது உலகின் எந்த மூலையிலும் முற்றாக நிற்கவில்லை.

இடையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. நோய் எதிர்ப்புக்கு உதவும் சி.டி.4 ரத்த அணுக்கள் நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்திவிட்டு, அவை குறையும்போது மீண்டும் தொடங்கலாமா என்று ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு பார்த்தது. நிறுத்தியவர்களிடையே நோயும் மரணமும் கூடியதால் ஆள்சேர்ப்பைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவுகள் 2006இல் வெளியாயின. ஹெபடைடிஸ் பி தொற்றும் சேர்ந்திருப்பவருக்கு இன்னொரு ஆபத்து உண்டு. எச்.ஐ.வி. மருந்துகளில் ஒன்றான டெனோஃபோவிர் அந்த வைரஸையும் அடக்கி வைத்திருப்பதால், திடீரென்று நிறுத்தும்போது கல்லீரல் அழற்சி கிளம்பக்கூடும்.

வராதவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் வாழ்நாள் முழுவதும் தவறாமல் வந்துபோக வேண்டிய ஓர் ஏற்பாட்டில், என்றோ ஒருநாள் எல்லோருமே தவறத்தான் செய்வார்கள். ஆகவே தவறுவதைத் தடுப்பதில் பாதி உழைப்பு போதும். தவறியவரைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கும், திரும்பி வருபவரைக் கூசவைக்காமல் ஏற்றுக்கொள்வதற்கும் மீதிப் பாதி வேண்டும். பல மையங்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. இந்த வழிகாட்டி இரண்டாவது பாதியில் அதிக நேரம் செலவிடும்.

படி 1: ஆட்களை எண்ணுங்கள், மையத்தை அல்ல

"உங்களிடம் எத்தனை பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள்?" என்று கேட்டால் எந்த மையமும் ஓர் எண்ணைச் சொல்லும். அது பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும். விட்டுப்போனவர்களின் இடத்தைப் புதிதாகச் சேருபவர்கள் நிரப்பிவிடுவதால், அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. ஒரு காலாண்டில் சிகிச்சை தொடங்கிய அனைவரையும் ஒரே குழுவாக எடுத்துக்கொண்டு, 6, 12, 24 மாதங்கள் கழித்து ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார் என்று பெயர் பெயராகத் தேடுவதே உண்மையான கணக்கு.

அதற்கு முன் ஒரு வரையறையை எழுதி வையுங்கள். குறித்த தேதிக்குப் பின் எத்தனை நாள் வராவிட்டால் அவரைச் சிகிச்சை தடைப்பட்டவர் என்று கொள்வீர்கள்? முன்பு பல திட்டங்களில் 90 நாள் என்று இருந்தது. இப்போது 28 நாள் என்ற அளவு பரவலாகிவிட்டது, அதுவே சரி. 90 நாள் காத்திருந்தால் அவர் எண் மாற்றியிருப்பார், வீடு மாறியிருப்பார், வைரஸும் மேலேறியிருக்கும். 28 என்பது அறிக்கைக்கான அளவு மட்டுமே. தேடத் தொடங்குவதற்கு 28 நாள் காத்திருக்கக் கூடாது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு மையத்தில் ஓராண்டுக்கு முன் 120 பேர் சிகிச்சை தொடங்கினார்கள். இன்று 84 பேர் வருகிறார்கள், 12 பேர் வேறு மையத்துக்கு மாற்றப்பட்டார்கள், 6 பேர் இறந்துவிட்டார்கள், 18 பேரைப் பற்றித் தகவல் இல்லை. மையத்தின் கணக்கில் தொடர்பவர்கள் 84, அதாவது 70 சதவீதம். இப்போது தொலைபேசியை எடுத்து விசாரிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மாற்றப்பட்ட 12 பேரில் 9 பேர்தான் புதிய மையத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். தகவல் இல்லாத 18 பேரில் 7 பேர் யாரிடமும் சொல்லாமல் வேறு மையத்தில் மருந்து வாங்கிவருகிறார்கள், 3 பேர் இறந்திருக்கிறார்கள், 6 பேர் மருந்தை நிறுத்தியிருக்கிறார்கள், 2 பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஆக உண்மையில் சிகிச்சையில் இருப்பவர்கள் 84, 9, 7 சேர்த்து 100 பேர்; 83 சதவீதம்.

சதவீதம் உயர்ந்ததில் மகிழ்வதற்கு முன், மாற்றப்பட்டும் போய்ச் சேராத அந்த 3 பேரைக் கவனியுங்கள். அனுப்பிய மையம் அவர்களைத் தன் கணக்கிலிருந்து கழித்துவிட்டது. போக வேண்டிய மையத்துக்கு அவர்கள் வருவதே தெரியாது. எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் வராதோர் பட்டியலில் இல்லை. பல மையங்கள் சேர்ந்து பார்க்க வேண்டியதன் தேவை இங்கேதான் இருக்கிறது.

தேடிப்பிடித்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டியிருக்கின்றன. மருந்து பரவலாகாத தொடக்க ஆண்டுகளில், காணாமல்போனவர்களில் பெரும் பங்கினர் இறந்துபோயிருந்தார்கள். பிந்தைய ஆண்டுகளில் சொல்லாமல் மையம் மாறியவர்களின் பங்கு கூடியிருக்கிறது. ஆகவே "தகவல் இல்லை" என்ற கட்டத்தில் இருக்கும் எல்லோரையும் ஒரே மாதிரி நினைத்துவிடக் கூடாது.

படி 2: எங்கே கசிகிறது என்று பாருங்கள்

விட்டுப்போவது எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் நடப்பதில்லை. முதல் ஆறு மாதங்களில்தான் அதிகம். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் ஒரு சரிவு வரும். குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் வளரிளம் பருவத்தினரிடம் இன்னொன்று. பல ஆண்டுகள் ஒழுங்காக வந்தவர்கள் "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று விடுவதும் உண்டு. உங்கள் பட்டியலை இந்த நான்காகப் பிரித்துப் பார்த்தாலே எதில் கைவைக்க வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும்.

மீதிப் பாதிக்கு ஆட்களிடமே கேட்க வேண்டும். பதினைந்து இருபது பேரிடம் பேசினால் போதும். கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் வரவில்லை?" என்று தொடங்கினால் "ஊருக்குப் போயிருந்தேன்" என்ற பதில்தான் கிடைக்கும். "வருவதில் எது சிரமமாக இருக்கிறது?" என்று கேட்டால் பயணச் செலவு, பறிபோகும் ஒருநாள் கூலி, தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற அச்சம், மன அழுத்தம், குடி, வீட்டில் சொல்லாமல் வைத்திருப்பது, மருந்து கொடுப்பவரின் கடுஞ்சொல் என்று ஒவ்வொன்றாக வரும். இந்தக் கேள்வியை வழக்கமாக அவருக்கு மருந்து கொடுப்பவரே கேட்கக் கூடாது. இன்னொரு மையத்தின் ஆலோசகரோ, தானும் எச்.ஐ.வி.யோடு வாழ்கிற துணைப்பணியாளரோ கேட்கட்டும்.

இன்னொரு எளிய வேலை. ஒருநாள் கையில் கடிகாரத்தோடு, நோயாளி வருவதுபோல வாசலிலிருந்து மருந்தகம் வரை நடந்து பாருங்கள். பதிவு, எடை, ஆலோசகர், மருத்துவர், ஆய்வகம், மருந்தகம். ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம், அதில் எத்தனை நிமிடம் வெறும் காத்திருப்பு என்று எழுதுங்கள். மாத்திரை வாங்க மட்டும் வந்தவர் நான்கு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தால், அடுத்த முறை அவர் யோசிப்பதில் வியப்பில்லை.

படி 3: முதல் நாள்

தொற்று உறுதியாகி ஏழு நாட்களுக்குள் சிகிச்சையைத் தொடங்க வேண்டும், தயாராக இருப்பவருக்கு அன்றே தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் சொல்லிவருகிறது. "முதலில் மூன்று ஆலோசனை அமர்வுகள், பிறகுதான் மருந்து" என்ற பழைய முறையில், மருந்து தொடங்குவதற்கு முன்பே பலரை இழந்தோம். விதிவிலக்கு உண்டு. மூளைக்காய்ச்சலுக்கான அறிகுறி இருந்தால் அவசரப்படக் கூடாது. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சலில் அதற்கான சிகிச்சையைத் தொடங்கி நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்தே எச்.ஐ.வி. மருந்து.

அன்றே தொடங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதிர்ச்சியில் இருப்பவர் மருத்துவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, மருந்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார், பிறகு வரமாட்டார். ஆகவே முதல் நாள் தொடங்கியவருக்கு மூன்றாம் நாள் ஓர் அழைப்பு, இரண்டாம் வாரம் ஒரு சந்திப்பு கட்டாயம் வேண்டும். தூக்கம் கெடுவது, தலைவலி, குமட்டல் போன்றவை முதல் வாரங்களில் வரலாம், பெரும்பாலும் அடங்கிவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வந்தால் அவர் மருந்தைத்தான் சந்தேகிப்பார்.

முதல் நாளே செய்ய வேண்டிய இன்னொரு வேலை தொடர்புத் தகவல். ஓர் எண்ணை எழுதிக்கொண்டால் போதாது. அந்தக் கைப்பேசி அவருடையதா, வீட்டில் வேறு யாராவது எடுப்பார்களா, எந்த நேரத்தில் அழைக்கலாம், எஸ்.எம்.எஸ். அனுப்பலாமா, நேரில் வீட்டுக்கு வரலாமா, வந்தால் யார் என்று சொல்லிக்கொண்டு வர வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் அவருடைய சம்மதத்தைத் தனித்தனியாகக் கேட்டுப் பதிய வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இந்தத் தகவலை ஒவ்வொரு வருகையிலும் சரிபார்க்க வேண்டும். வராதோர் பட்டியலை எடுத்து அழைக்க உட்காரும்போது பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை என்று வந்தால், குறை தேடலில் இல்லை. முந்தைய வருகைகளில் கேட்காமல் விட்டதில் இருக்கிறது.

படி 4: வரவேண்டிய தடவைகளைக் குறையுங்கள்

நன்றாக இருப்பவரை மாதந்தோறும் வரவழைப்பதுபோல வீணான வேலை வேறில்லை. அவருக்கும் அலைச்சல், மையத்துக்கும் நெரிசல், உண்மையில் நோயுற்றிருப்பவரைப் பார்க்க மருத்துவருக்கு நேரமும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல், சிகிச்சையில் நிலைபெற்றவர்களுக்கு மருத்துவச் சந்திப்பும் மருந்தும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும், கூடுமானால் ஆறு மாதமே இருக்கட்டும் என்கிறது. நிலைபெற்றவர் என்றால், குறைந்தது ஆறு மாதமாக மருந்து எடுப்பவர், தற்போது வேறு நோய் இல்லாதவர், தொடர்ந்து எடுக்க வேண்டியதைப் புரிந்துகொண்டவர், சிகிச்சை பலித்திருப்பதற்கு வைரஸ் அளவு போன்ற சான்று உள்ளவர்.

மருந்து வாங்குவதையும் மருத்துவரைப் பார்ப்பதையும் பிரித்துவிடலாம். தென்னாப்பிரிக்காவின் கயெலிட்ஷாவில் 2007இல் தொடங்கிய குழுக்களில், நிலைபெற்றவர்கள் ஒரு துணைப்பணியாளரின் தலைமையில் கூடி, முன்கூட்டியே கட்டி வைத்த மருந்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மொசாம்பிக்கின் டெட்டே மாநிலத்தில் 2008இல் வேறு மாதிரி செய்தார்கள். அருகருகே வசிக்கும் சிலர் ஒரு குழுவாகச் சேர்வார்கள்; முறைவைத்து ஒருவர் மையத்துக்குப் போய்த் தன்னைப் பரிசோதித்துக்கொண்டு, மற்ற எல்லோருக்கும் மருந்து வாங்கி வருவார். ஒருவருடைய பயணத்தில் ஆறு பேருக்கு மருந்து.

எல்லோருக்கும் குழு பிடிக்காது. வெளியில் தெரியவே கூடாது என்று நினைப்பவருக்கு அது கொடுமை. விருப்பப்படி தேர்ந்தெடுக்க விடுங்கள். நடுவில் மாற்றிக்கொள்ளவும் விடுங்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை, மருந்தகத்தில் கையிருப்பு. ஆறு மாத மருந்து கொடுப்போம் என்று அறிவித்துவிட்டு, கையிருப்பு இல்லாமல் பதினைந்து நாளுக்கு எண்ணிக் கொடுத்தால் போயிற்று. ஒரே மாதத்தில் ஒருவர் இரண்டு முறை வேலையை விட்டு வந்தாக வேண்டும். அவருக்கு மையத்தின் மீது நம்பிக்கை போய்விடும், அதைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. பல மாத மருந்து கொடுக்கத் தொடங்கும்முன் அதற்கான கொள்முதலை உறுதிசெய்யுங்கள். வரவேண்டிய தேதியை எப்போதும் மாத்திரை தீரும் நாளுக்குச் சில நாள் முன்னதாகக் குறியுங்கள். 30 மாத்திரை கொடுத்தால் 28ஆம் நாள் வரச்சொல்லலாம்.

மருந்து டப்பாவைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. பைக்குள் மாத்திரை குலுங்கும் சத்தம் பலருக்குப் பெரிய தலைவலி. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பாரோ என்ற பயத்தில் சிலர் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போவார்கள், ஈரம் பட்டுக் கெட்டுவிடும். டப்பாவின் மேற்பகுதியில் சிறிது சுத்தமான பஞ்சு வைத்து, உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எடுக்காமல் மூடிக் கொடுத்தால் சத்தம் அடங்கிவிடும். இதைச் சொல்லித் தரும் மருந்தாளுநரைத் தேடி ஆட்கள் வருவார்கள்.

படி 5: வராத அன்றே தெரிய வேண்டும்

இதற்குத் தேவை ஒரே ஒரு பட்டியல். மறுநாள் வரவேண்டியவர்களின் பெயரை முந்தைய நாள் மாலையே எடுத்து வையுங்கள். கணினி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தேதிவாரியாகப் பிரித்த அட்டைப்பெட்டியில் நோயாளி அட்டைகளை அடுக்கினாலும் இதே வேலை நடக்கும். வந்தவரின் அட்டை அடுத்த தேதிக்குப் போய்விடும். மாலையில் அன்றைய கட்டத்தில் மிச்சம் நிற்கும் அட்டைகளே வராதோர் பட்டியல்.

பிறகு நடவடிக்கை நாள்வாரியாக ஓட வேண்டும். குறித்த தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன் ஒரு நினைவூட்டல். வராவிட்டால் ஒன்று முதல் மூன்றாம் நாளுக்குள் முதல் அழைப்பு. எடுக்கவில்லை என்றால் வேறு வேறு நேரங்களில் இன்னும் இரு முறை. ஏழாம் நாளுக்குள் தொடர்பு கிடைக்காவிட்டால், சம்மதம் கொடுத்தவர்களுக்கு மட்டும், நேரில் தேடல். பதினான்காம் நாளுக்குள் பக்கத்து மையங்களின் பதிவேட்டில் சரிபார்ப்பு. 28ஆம் நாளில் அவரைத் தடைப்பட்டவர் என்று குறித்த பிறகும் தேடலை மூடிவிடக் கூடாது. மாதம் ஒருமுறை மீண்டும் முயல வேண்டும்.

ஆள் பற்றாக்குறை எங்கும் உண்டு. எல்லோரையும் ஒரே நாளில் தேட முடியாது என்றால் வரிசைப்படுத்துங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், சி.டி.4 எண்ணிக்கை (ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில்) 200க்குக் கீழே இருந்தவர்கள், காசநோய் மருந்தும் எடுப்பவர்கள், கடைசிப் பரிசோதனையில் வைரஸ் அளவு (ஒரு மில்லிலிட்டரில்) 1,000க்கு மேல் இருந்தவர்கள், சிகிச்சை தொடங்கி ஆறு மாதம் ஆகாதவர்கள் ஆகியோர் முதலில். பத்தாண்டுகளாக வைரஸ் கட்டுப்பாட்டில் இருப்பவர் இரண்டு நாள் தள்ளிப்போனால் அவரைப் பிறகு அழைத்துக்கொள்ளலாம். அவரிடம் கையில் மாத்திரை மிச்சமிருக்க வாய்ப்பு அதிகம்.

அழைப்பில் எப்படிப் பேசுவது என்பதற்குப் பயிற்சி வேண்டும். எடுப்பவர் யார் என்று உறுதியாகும் வரை எச்.ஐ.வி. என்ற பேச்சோ, மையத்தின் முழுப்பெயரோ, "மருந்து வாங்க வரவில்லையே" என்ற கேள்வியோ வாயில் வரவே கூடாது. கீழே உள்ளது ஒரு மாதிரி:

"வணக்கம் அம்மா, நான் கவிதா பேசுகிறேன். உங்களிடம் தனியாகப் பேச இப்போது வசதிப்படுமா?"

"இப்போது வேண்டாம்மா, வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள்."

"பரவாயில்லை. நீங்கள் எப்போது சொல்கிறீர்களோ அப்போது கூப்பிடுகிறேன்."

"சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்."

"சரிம்மா, ஐந்தரைக்குக் கூப்பிடுகிறேன்."

ஐந்தரைக்குத் தவறாமல் அழைக்க வேண்டும். அப்போதும் முதல் கேள்வி "எப்படி இருக்கிறீர்கள்?" என்பதாக இருக்கட்டும். அடுத்தது "கையில் மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது?" இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால், அவர் வர வேண்டியது இன்றா, அடுத்த வாரமா, அல்லது யாரையாவது அனுப்பினால் போதுமா என்று சேர்ந்தே முடிவு செய்யலாம். வேறு யாராவது எடுத்தால், "பிறகு பேசுகிறேன்" என்பதோடு வைத்துவிட வேண்டும்.

குறுஞ்செய்தியிலும் இதே பக்குவம் பலித்திருக்கிறது. கென்யாவில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் ஒருமுறை "எப்படி இருக்கிறீர்கள்?" என்று மட்டும் செய்தி போனது. நலம் என்றோ, பிரச்சினை என்றோ 48 மணி நேரத்துக்குள் பதில் அனுப்பலாம். பிரச்சினை என்றவர்களையும், பதிலே தராதவர்களையும் செவிலியர் அழைத்துப் பேசினார். செய்தி பெற்றவர்களிடம் மருந்து எடுக்கும் ஒழுங்கும் வைரஸ் கட்டுப்பாடும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தன. "மாத்திரையை மறக்காதீர்கள்" என்று தினமும் காலையில் எந்திரம் அனுப்பும் செய்தியைவிட இதை நான் நம்புவேன். மறுமுனையில் ஆள் இருக்கிறார் என்பதே மருந்தில் பாதி.

படி 6: திரும்பி வருபவரை வரவேற்பது

நேரமும் பணமும் குறைவாக இருந்து, இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வழக்கமாக நடப்பது இது. ஏழு மாதம் கழித்து ஒருவர் வருகிறார். பதிவு மேசையில் பழைய அட்டையைத் தேடுகிறார்கள். "இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள்?" என்று நாலு பேர் காதில் விழும்படி ஒரு கேள்வி. தேதி தவறியவர் என்பதால் வரிசையின் கடைசியில் உட்கார வைக்கிறார்கள். ஆலோசகரிடம் ஒரு கண்டிப்பு, மருத்துவரிடம் இன்னொன்று. பிறகு "ஆலோசனைக்கு இரண்டு முறை வாருங்கள், பிறகு மருந்து தருகிறோம்". திரும்பி வரத் துணிந்தவரையே தண்டித்து அனுப்பும் ஏற்பாடு இது. விஷயம் வெளியே பரவும்; வராமல் இருக்கும் மற்றவர்களும் வரமாட்டார்கள்.

மாற்றாக, திரும்பி வருபவருக்கு என்று ஒரு பணியாளரைப் பொறுப்பாக்குங்கள். பதிவு மேசை ஒரே வரியைப் பழகிக்கொள்ளட்டும்: "வாருங்கள் ஐயா, வந்தது நல்லது. அந்த அறையில் உட்காருங்கள், உடனே ஆள் வருவார்." ஏன் வரவில்லை என்ற பேச்சு தனியறையில், உட்கார்ந்து, அவர் சொல்ல விரும்பினால் மட்டும்.

மருத்துவ வேலையில் இரக்கத்தோடு எச்சரிக்கையும் வேண்டும். இடைவெளிக்குப் பின் வருபவருக்கு நோய் முற்றியிருக்கக்கூடும். சி.டி.4 பரிசோதனை செய்யுங்கள். நிலையாக இருப்பவர்களுக்கு அது தேவையில்லாமல் போயிருக்கலாம், இவருக்குத் தேவை. 200க்குக் கீழே இருந்தால் காசநோய்க்கான சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் பரிசோதனை, கோட்ரைமாக்சசோல் தடுப்பு மருந்து என்று உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலில் உள்ள தொகுப்பு முழுவதும் அவருக்கு உரியது. இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை ஆகிய நான்கையும் கேட்காமல் அனுப்பாதீர்கள். கடும் தலைவலி, குழப்பம் போன்றவை இருந்தால் முதலில் மூளைக்காய்ச்சலை விலக்க வேண்டும்.

அப்படி எதுவும் இல்லை என்றால் அன்றே மருந்தைத் தொடங்கிவிடலாம். டோலுடெக்ராவிர் அடங்கிய மருந்தை எதிர்த்து நிற்கும் திறனை வைரஸ் எளிதில் பெறுவதில்லை என்பதால், முன்பு எடுத்த அதையே பெரும்பாலும் தொடரலாம். சில மாதம் ஒழுங்காக எடுத்த பிறகு வைரஸ் அளவைப் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும். தொடங்கிய கையோடு "இனி மாதாமாதம் வர வேண்டும்" என்று தண்டனைபோல விதிக்காதீர்கள். தூரமும் கூலியும்தான் அவரை நிறுத்தியது என்றால், அதே தூரத்தை ஆறு மடங்காக்குவது என்ன நியாயம்?

படி 7: மையங்களுக்கு இடையே

மக்கள் இடம் பெயர்வார்கள். வேலை, திருமணம், பிரசவம், படிப்பு, சிறை என்று காரணங்கள் பல. ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது இயல்பான நிகழ்ச்சி என்று ஏற்றுக்கொண்டு அதற்கு வழி செய்யும் வலையமைப்பில்தான் ஆட்கள் நிலைப்பார்கள்.

முதலாவது, மாற்றம் என்பது இரு மையங்களும் சேர்ந்து செய்யும் வேலை. அனுப்பும் மையம் ஒரு சுருக்கக் குறிப்பு எழுதுகிறது. அதில் எடுக்கும் மருந்து, தொடங்கிய தேதி, கடைசி வைரஸ் அளவு, காசநோய் சிகிச்சை விவரம் ஆகியவை இருக்க வேண்டும். கூடவே இரண்டு மாத மருந்தாவது கையில். பெறும் மையத்தில் பெயர் தெரிந்த ஒருவர் அந்த வருகையை எதிர்பார்க்கிறார். ஆள் வந்ததும் திரும்பித் தகவல் சொல்கிறார். அந்தத் தகவல் வரும் வரை அனுப்பிய மையம் அவரைத் தன் கணக்கிலிருந்து கழிக்கக் கூடாது. இந்த ஒரு விதி அமலானாலே முதல் படியில் பார்த்த அந்த 3 பேர் வராதோர் பட்டியலுக்கு வந்துவிடுவார்கள்.

இரண்டாவது, கடிதம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. மருந்து தீர்ந்து நிற்பவரிடம் "முதலில் பழைய மையத்திலிருந்து கடிதம் வாங்கி வாருங்கள்" என்பது, மருந்தை நிறுத்தச் சொல்வதற்குச் சமம். டப்பாவைப் பார்த்து, பழைய மையத்துக்கு ஓர் அழைப்பு போட்டு, குறைந்தபட்சம் ஒரு மாத மருந்து கொடுங்கள். தற்காலிகமாக வந்தவருக்கும் இதுவே. காகித வேலை பின்னால் நடக்கட்டும்.

மூன்றாவது, எல்லா மையங்களுக்கும் பொதுவான தனி அடையாள எண். இது இருந்தால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் எண்ணப்படுவதும், சொல்லாமல் மாறியவர் காணாமல்போனவராகக் கிடப்பதும் குறையும். ஆனால் பெயரும் தொற்று விவரமும் ஒரே இடத்தில் குவிகிறது என்பதை மறக்கக் கூடாது. யார் பார்க்கலாம், எதைப் பார்க்கலாம், பார்த்ததன் தடம் எங்கே பதிவாகிறது என்பதை முடிவு செய்யாமல் மின்பதிவேட்டைத் திறந்துவிடாதீர்கள். தகவல் ஒருமுறை கசிந்தால், பல ஆண்டு உழைப்பால் சேர்த்த நம்பிக்கை ஒரு வாரத்தில் போய்விடும்.

பொது எண் இன்னும் வராத இடங்களில் மாதம் ஒருமுறை பக்கத்து மையங்களின் பதிவுப் பொறுப்பாளர்கள் நேரில் உட்கார்ந்து வராதோர் பட்டியல்களை ஒப்பிடலாம். இரண்டு மணி நேர வேலை. பட்டியல்கள் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது, படமெடுக்கவும் கூடாது.

படி 8: தனிக் கவனம் வேண்டியவர்கள்

தாயும் சேயும்: பிரசவம் வரை தவறாமல் வந்தவர், குழந்தை பிறந்தபின் வராமல் போவது மிகச் சாதாரணம். தாய்க்கு ஒரு நாள், குழந்தைக்கு இன்னொரு நாள், தடுப்பூசிக்கு வேறொரு இடம் என்று அலையவைத்தால் வேறென்ன நடக்கும்? இருவருக்கும் ஒரே நாள், ஒரே அறை. குழந்தையின் இறுதிப் பரிசோதனை முடிந்து, பாலூட்டலும் நிற்கும் வரை இருவரின் அட்டையும் ஒன்றாகவே இருக்கட்டும். தென்னாப்பிரிக்காவில் 2001இல் தொடங்கிய ஒரு முயற்சி, தொற்றோடு வாழும் தாய்மாரையே பயிற்சி கொடுத்து மற்ற தாய்மாருக்குத் துணையாக நியமித்தது. பின்னர் பல நாடுகளுக்கு அந்த முறை பரவியது.

வளரிளம் பருவத்தினர்: பதினெட்டு ஆனதும் அடுத்த வாரமே பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றுவது வேண்டாம். மாறும்முன் புதிய மருத்துவரை ஒருமுறை பழைய அறையிலேயே சந்திக்கட்டும். மாறியபின் ஆறு மாதம் பழைய ஆலோசகர் தொடர்பில் இருக்கட்டும். பள்ளி நேரத்தில் வரச்சொல்லாதீர்கள். அவர்கள் வயதொத்த துணைப்பணியாளர் சொல்வது பெரியவர்கள் சொல்வதைவிட எளிதாக ஏறும்.

ஆண்கள்: பகலில் வேலையை விட்டு வரமுடியாதவர்களுக்கு மாலை நேரமோ, வார இறுதியோ திறந்து வைத்தால் வருகிறார்கள்.

பாலியல் தொழில் செய்பவர்கள், ஊசிவழிப் போதை எடுப்பவர்கள், திருநர், ஆணோடு உறவுள்ள ஆண்கள்: இவர்களுடைய சமூக அமைப்புகளைக் கூட்டாளியாக்காமல் எந்தத் திட்டமும் வெகுதூரம் போகாது. மருந்தை அவர்கள் கூடும் இடத்துக்கே கொண்டுபோக முடியுமானால் இன்னும் நல்லது.

படி 9: ஒவ்வொரு வாரமும் அரை மணி நேரம்

வாரம் ஒருநாள், மருத்துவர் முதல் பதிவு எழுத்தர் வரை எல்லோரும், அரை மணி நேரம். சுவரில் மூன்று எண்கள் போதும்: இந்த வாரம் வரவேண்டியவர்களில் வந்தவர் எத்தனை பேர், வராதவர்களில் ஏழு நாளுக்குள் தொடர்பு கிடைத்தவர் எத்தனை பேர், திரும்பி வந்தவர்களில் அன்றே மருந்தோடு போனவர் எத்தனை பேர். இருபது குறியீடுகள் கொண்ட அட்டவணையை யாரும் படிப்பதில்லை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் சோதியுங்கள். முதல் அழைப்பை ஏழாம் நாளிலிருந்து இரண்டாம் நாளுக்கு மாற்றுகிறீர்கள் என்றால், ஒரு கிழமையின் பட்டியலில் மட்டும் மூன்று வாரம் செய்து பாருங்கள். பலித்தால் எல்லாக் கிழமைக்கும் விரிவாக்குங்கள். பலிக்கவில்லை என்றால் ஏன் என்று அழைத்தவரிடமே கேளுங்கள். மேலிருந்து வரும் சுற்றறிக்கையைவிட, பக்கத்து மையத்தின் ஆலோசகர் நேரில் வந்து "நாங்கள் இப்படிச் செய்தோம்" என்று காட்டுவது வேகமாகப் பரவும். ஆகவே மாதாந்திரப் பட்டியல் ஒப்பீட்டு நாளிலேயே இந்தப் பகிர்வையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. தக்கவைப்புச் சதவீதத்தைப் பணியாளரின் சம்பளத்தோடோ, மையத்தின் தரவரிசையோடோ கட்டினால், எண்கள்தான் முதலில் குணமாகும். வராதவர்கள் திடீரென்று "மாற்றப்பட்டார்" என்ற கட்டத்துக்குப் போய்விடுவார்கள். அந்தக் கட்டத்தில் எண்ணிக்கை கூடினால், பெறும் மையத்தின் உறுதித் தகவல் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேளுங்கள். உறுதி இல்லாத பெயர்கள் அத்தனையையும் அன்றே வராதோர் பட்டியலில் திரும்பச் சேர்த்து, அழைப்பைத் தொடங்குங்கள்.